கூப்பன் அரிசி முதல் அஸ்வெசும வரை: சத்தமாக வெட்டியதும் சத்தமில்லாமல் வெட்டியதும்

1953 ஜூலையில் இலங்கையின் கூப்பன் அரிசி விலையை ஒரே அறிவிப்பில் 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றிய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. அடுத்த மாதமே ஹர்த்தால் (முழுக் கடையடைப்பு), ரயில்கள் நின்றன, ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள், ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டுப் போனார். 26 வருடம் கழித்து, 1979 செப்டெம்பரில், அந்தக் கூப்பன் அரிசியையே அடியோடு நிறுத்திய அரசாங்கத்தின் தலைவரும் அதே ஜே.ஆர்.தான், இந்தமுறை ஜனாதிபதியாக. அரசாங்கம் அசையவில்லை. 1982இல் ஜனாதிபதித் தேர்தலிலும் அவரே வென்றார்.

முதல் தடவை விலையைத்தான் ஏற்றினார்கள், இரண்டாம் தடவை முழுவதையுமே எடுத்துவிட்டார்கள். பெரிய வெட்டு எது என்று கேட்டால் சந்தேகமில்லாமல் இரண்டாவதுதான். அப்படியானால் சின்ன வெட்டுக்குத் தெருவில் இறங்கிய சனம் பெரிய வெட்டுக்கு ஏன் பெரும்பாலும் வீட்டில் இருந்தது? இதற்குப் பதில் தெரிந்தால் 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரச உதவித்தொகைத் திட்டத்தை வாசிக்கும் விதமே மாறிவிடும் என்பது என் எண்ணம். அரச உதவியைக் "சீர்திருத்துகிறோம்" என்று வரும்போது எல்லோரும் பட்டியலைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறார்கள்: யார் உள்ளே, யார் வெளியே. பணம் மிச்சமாகும் இடம் பெரும்பாலும் பட்டியலில் இல்லை. உதவியைப் பொருளாகக் கொடுக்கிறார்களா ரூபாவாகக் கொடுக்கிறார்களா, ரூபா என்றால் விலைவாசி ஏறும்போது அது ஏறுமா ஏறாதா, அங்கேதான் இருக்கிறது.

25 சத அரிசி

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அங்கே ரேஷன் கார்டு என்பதைத்தான் இலங்கையில் கூப்பன் என்போம். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானிடம் போனதும் அரிசி வரத்து நின்றுவிட, 1942இல் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்தும் அது முடியவில்லை. ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் நாடு முழுக்க ஆளுக்கு இவ்வளவு என்று வாராவாரம் அரிசி. சங்கக்கடையில் (கூட்டுறவுச் சங்கத்தின் கடை) வரிசையில் நின்று புத்தகத்தை நீட்டினால் மனேஜர் அந்த வாரத்துக்குரிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கொத்தால் அளந்து போடுவார். ஒரு கொத்து ஏறத்தாழ 2 இறாத்தல், அதாவது 900 கிராம் சொச்சம். கொத்தைத் தலைதட்டினாரா குவித்துப் போட்டாரா என்பதில் வரும் வாய்த்தகராறுகள் அந்தத் தலைமுறையினர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

1952 மேயில் தேர்தல். தகப்பன் டி.எஸ். சேனாநாயக்க இறந்து பிரதமராகியிருந்த டட்லி, அரிசி கொத்துக்கு 25 சதத்திலேயே இருக்கும் என்று சொல்லி வென்றார். ஆனால் கொரியப் போரால் ஏறியிருந்த ரப்பர் விலை விழத் தொடங்கியிருந்தது, உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. 1952 டிசெம்பரில் சீனாவோடு ஐந்து வருட ரப்பர் அரிசி ஒப்பந்தம் செய்தார்கள், வருடத்துக்கு 50,000 தொன் ரப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்க. அதுவும் போதவில்லை. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது, மானியங்களைக் குறைக்கச் சொல்லி உலக வங்கிக் குழுவும் ஆலோசனை சொல்லியிருந்தது.

நிதியமைச்சரின் கணக்கு, கணக்காகப் பார்த்தால் பிழையில்லை. பிழை அதைச் செய்த விதத்தில். ஒரே வரவு செலவுத் திட்டத்தில் அரிசி விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு, பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தம், ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏற்றம். தேர்தல் முடிந்து 14 மாதம்தான். இலங்கையில் ஒரு வீடு மிச்சமில்லாமல் எல்லா வீட்டுச் சோற்றிலும் ஒரே நாளில் கை வைத்தார்கள், அதுவும் எவ்வளவு என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடக்கூடிய விதத்தில்: 25 இருந்தது, இனி 70.

ஆகஸ்ட் 12. இடதுசாரிகளான சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அழைத்த ஹர்த்தாலுக்குத் தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. மேல், தென்மேல் கரையோரத்தில் தண்டவாளங்களைக் கழற்றினார்கள், தந்திக் கம்பிகளை அறுத்தார்கள், பாதைகளை மறித்தார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். நியூஃபவுண்ட்லாந்தில் ஏறிக் கூட்டம் நடத்தியது, சுதந்திரம் வாங்கி ஐந்து வருடமான நாட்டின் அமைச்சரவை! அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு. பத்துப் பேரளவில் இறந்தார்கள். டட்லி உடலும் மனமும் உடைந்து ஒக்டோபரில் விலகினார். அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவல விலையை 55 சதத்துக்கு இறக்கினார். 1956இல் ஐக்கிய தேசியக் கட்சி படுதோல்வி கண்டதற்கு மொழிப் பிரச்சினை உட்பட வேறு பெரிய காரணங்களும் உண்டு, ஆனால் அரிசியை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது.

அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு எந்த நிதியமைச்சருக்கும் அரிசியைத் தொட நடுக்கம். 1962இல் பிரதமர் சிறிமாவோ அரசாங்கத்தின் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டைக் குறைக்கப் பார்த்தார், சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்ததில் பதவியை இழந்தார். 1966 கடைசியில் மறுபடி பிரதமராக இருந்த டட்லி கொஞ்சம் சாமர்த்தியமாக, வாரம் இரண்டு கொத்தை ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசம் என்று அறிவித்தார். பாதியைப் பறித்துவிட்டு மீதியை இனாம் என்று கொடுப்பது நல்ல யோசனைதான், ஆனாலும் 1970 தேர்தலில் எதிரணி பறிபோன அந்த இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவோம், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்று மேடை மேடையாகச் சொல்லி வென்றது. 1973, 74இல் எண்ணெய் விலையும் தானிய விலையும் சேர்ந்து ஏறியபோது அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்பதை பாண் (ரொட்டி) வரிசையில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். மலையகத் தோட்டங்களில் அந்த இரண்டு வருடத்தில் இறப்பு வீதம் பயங்கரமாக ஏறியது. வேலை நாட்களும் குறைந்து, பங்கீடும் சுருங்கி, வீட்டுத்தோட்டம் போடத் துண்டு நிலம்கூட இல்லாத லயன் அறைச் சனம் முதலில் விழுந்தது. எல்லோருக்கும் பொதுவான பங்கீடு என்றாலும், அதை மட்டுமே நம்பியிருந்தவனுக்கும் அது மேலதிகமாகக் கிடைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வருடங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது.

1977 முதல் 1980 வரை: நான்கு படிகள்

1977இல் ஜே.ஆர். 168 ஆசனத்தில் 140ஐப் பிடித்து வந்தார். அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று ஆளுக்கு வாரம் எட்டு இறாத்தல் தானியம். திறந்த பொருளாதாரம் வந்தது, ரூபாவை மிதக்கவிட்டார்கள், மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்தை முப்பது வருடத் திட்டத்திலிருந்து ஆறு வருடத்துக்குச் சுருக்கினார்கள். எட்டு இறாத்தல் மட்டும் வரவில்லை.

உணவு மானியத்தை எப்படிக் கழற்றினார்கள் என்பதைத்தான் உன்னிப்பாகப் பார்க்கவேண்டும்.

முதல் படி, 1978 தொடக்கத்தில். மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் பங்கீட்டு அரிசி என்றார்கள். சனத்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் கழிந்தார்கள். கழிந்த பாதி சத்தம் போடக்கூடிய பாதி: பட்டணத்துச் சம்பளக்காரர், தொழிற்சங்கக்காரர், ஆசிரியர், கிளார்க்குமார். ஆனால் அவர்களுக்கு அந்த நேரத்தில் கடையில் சாமான் இருந்தது, வரிசை இல்லை, வெளிநாட்டுத் துணி வந்தது, மத்திய கிழக்குக்குப் போக வழி திறந்தது. கூப்பன் அரிசி போனது அவர்களுக்குப் பெரிய நட்டமாகத் தோன்றவில்லை. மிச்சமிருந்த பாதிக்கு அரிசி அரிசியாகவே கிடைத்துக்கொண்டிருந்தது, அதனால் அவர்களும் பேசவில்லை.

இரண்டாம் படி, 1979 செப்டெம்பர். அரிசிக்குப் பதில் உணவு முத்திரை. எட்டு வயதுக்குக் கீழே மாதம் 25 ரூபா, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20, அதற்கு மேலே 15. மண்ணெண்ணெய்க்குத் தனி முத்திரை. முத்திரையைக் கொடுத்து அரிசி, மா, பாண், சீனி, பருப்பு, கருவாடு, பால்மா என்று எதையும் வாங்கலாம், மிஞ்சினால் தபாலகச் சேமிப்பிலும் போடலாம். அறிமுகமான மாதத்தில் பார்த்தால் இது மோசமான திட்டமே இல்லை. அதற்கு முன் பங்கீட்டில் வந்ததுதான், இப்போது விரும்பியதை வாங்கலாம். குழந்தைக்குப் பெரியவனைவிட அதிகம் என்று வைத்ததும் நல்ல யோசனை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

மூன்றாம் படி: அரிசி, மா, சீனி ஆகியவற்றின் பொது விலை மானியங்களை எடுத்தார்கள், கடையில் விலை ஏறியது. நான்காம் படி, 1980 முற்பகுதியில் புதிய பதிவுகளை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு முத்திரை இல்லை, அதற்குப் பிறகு வேலையிழந்தவனுக்கும் இல்லை. குழந்தைக்கு அதிகம் என்று வைத்த திட்டத்தில் குழந்தைகளைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள்!

இனி விலைவாசி வேலையைப் பார்த்தது. 1980இல் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி 26% ஏறியது. முத்திரையின் முகப்பில் அச்சடித்த தொகையோ ஏறவேயில்லை, 15 ரூபா 15 ரூபாதான். மூன்று வருடத்துக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1970களின் நடுப்பகுதியில் அரச செலவில் சுமார் 15% ஆக இருந்த உணவு மானியம் 1984 அளவில் 3% ஆனது. தேசிய உற்பத்தியில் 5% ஆக இருந்தது 1.3% ஆனது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பட்டியலைப் பாதியாக்கினால் செலவு பாதியாகத்தானே குறைய வேண்டும்? நாலில் ஒன்றாக எப்படி ஆயிற்று? பொருளாதாரம் வளர்ந்ததும் ஒரு காரணம், அந்த வருடங்களில் வளர்ச்சி நன்றாகவே இருந்தது. ஆனால் மீதியை யாரும் நாடாளுமன்றத்தில் அறிவிக்கவில்லை, யாரும் வாக்களிக்கவுமில்லை. ஒவ்வொரு மாதமும் கடையில் விலை ஏற ஏற, கையில் இருந்த முத்திரை தானாகச் சிறுத்தது. வெட்டியது அமைச்சர் என்று சொல்ல முடியாது, கடைக்காரன் என்றுதான் தோன்றும். 1953இல் 25 எங்கே 70 எங்கே என்று விரலை நீட்ட ஒரு இலக்கம் இருந்தது. 1981இல் நீட்ட ஒன்றுமில்லை, முத்திரையில் போன வருட எண்தான் இந்த வருடமும் இருக்கிறது.

கொத்து அரிசிக்கு இந்த வியாதி கிடையாது. விலை என்னவானாலும் ஒரு கொத்து ஒரு கொத்துதான். விலையேற்றத்தின் பாரத்தை அரசு சுமக்கும், அதனால்தான் திறைசேரிக்கு (அரச கஜானாவுக்கு) அது பிடிக்காது. பொருளை ரூபாவாக மாற்றிய அந்த ஒரு நாளில் பாரம் அரசின் தோளிலிருந்து வீட்டுக்காரியின் தோளுக்கு மாறியது. 1979 சீர்திருத்தத்தின் உள்ளடக்கமே இதுதான், வருமானச் சோதனையெல்லாம் அதற்கு முன்னுரை.

எதிர்ப்பே இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1980 ஜூலையில் வாழ்க்கைச் செலவுக்கு ஈடாக 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, அரசு ஏறத்தாழ 40,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கியது. ஆனால் அதைச் செய்தவர்கள் சம்பளக்காரர். முத்திரைக்காரருக்குச் சங்கமும் இல்லை, ஒரு நாள் நிறுத்த வேலையும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தபோது கிளார்க்கரின் கோபமும் கூலியாளின் கோபமும் ஒரே வரிசையில் நின்றன. 1978இல் அந்த வரிசையைப் பிரித்தாயிற்று.

மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி அளவீடுகள் 1978/79க்கும் 1981/82க்கும் இருக்கின்றன. அந்த இடைவெளியில் நாட்டின் சராசரி வருமானம் கூடியது, மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கினர் சாப்பிட்ட கலோரி குறைந்தது.

யாருக்குச் சம்பளச் சீட்டு இருந்ததோ அவர்கள் மாட்டினார்கள்

300 ரூபாச் சோதனையை எப்படிச் செய்தார்கள்? பெரும்பாலும் வாய்மொழிதான். குடும்பத் தலைவர் சொல்வதை எழுதிக்கொண்டார்கள். வயல்காரருக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் மாத வருமானம் இவ்வளவு என்று யார் நிரூபிப்பது? ஆனால் தோட்டத் தொழிலாளிக்குச் செக்ரோல் (வேலைநாளும் கூலியும் எழுதும் பதிவேடு) இருக்கிறது. புருஷன் பேர், பெண்சாதி பேர், வேலைக்குப் போகும் பிள்ளை பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் பேர் போட்டது, எவ்வளவு ரூபா, எல்லாம் தோட்டக் கந்தோரில் மையால் எழுதிக் கிடக்கிறது. மூன்று பேர் உழைத்து வாங்கும் மூன்று சின்னக் கூலியைக் கூட்டினால் 300ஐத் தாண்டும். ஆக, நாட்டிலேயே மோசமான போஷாக்கு நிலையில் இருந்த ஒரு பகுதியினர் "வருமானம் கூடியவர்" என்று பெருமளவில் வெளியே நின்றார்கள். பல பேருக்கு அப்போது பிரஜாவுரிமையும் இல்லை, அதாவது வாக்கும் இல்லை. எவரும் அவர்களுக்காக அமைச்சரின் கதவைத் தட்ட வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

வறுமையை அளக்கும் எந்த அளவுகோலும் மறைக்கத் தெரியாதவனையும் மறைக்க முடியாதவனையும்தான் முதலில் பிடிக்கும். இலங்கையில் மட்டுமல்ல. இந்தியாவில் 1997இல் பங்கீட்டை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே தொடர்ந்தது, பல வட மாநிலங்கள் பட்டியல் போட்டன. 2005இல் மத்திய திட்டக்குழுவின் மதிப்பீடு, அந்தப் பட்டியல் முறையில் ஏழைக்கு ஒரு ரூபா போய்ச்சேர அரசு 3.65 ரூபா செலவழிக்கிறது என்று கணக்குச் சொன்னது. மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் மிச்சம் எங்கே போயிற்று பாருங்கள்.

இடையில் வந்த இரண்டு

1989இல் ஜனாதிபதி பிரேமதாச ஜனசவிய என்ற ஏழைகளுக்கான உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தார், தெற்கே ஜே.வி.பி.யின் (மக்கள் விடுதலை முன்னணி) கலவரம் கொழுந்துவிட்டுக்கொண்டிருந்த நேரம். குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, இரண்டு வருடத்துக்கு. அதில் 1,458 சாப்பாட்டுச் சாமானுக்கு, 1,042 சேமிப்பில் போய் 24 மாதம் முடிய 25,000 ஆகத் தொழில் தொடங்க. அந்தக் காலத்துக்கு அது நிஜமாகவே பெரிய காசு. பெரிய காசு என்பதாலேயே எல்லா ஏழைக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியவில்லை, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்கள், முதல் சுற்று முடிவதற்குள்ளேயே திறைசேரி மூச்சு வாங்கியது.

1995இல் ஜனாதிபதி சந்திரிகாவின் சமுர்த்தித் திட்டம். இது நேரெதிர்: சின்னத் தொகை, நிறையப் பேர், நீண்ட காலம். 2023 வரை ஓடியது. சமுர்த்தி உத்தியோகத்தர் வேலைகள் ஆளுங்கட்சிக்காரருக்குப் போனதும், பட்டியலில் பெயர் சேர்ப்பது உள்ளூர் அரசியல்வாதியின் கையில் இருந்ததும் ஊரறிந்த விடயம். உலக வங்கி ஆய்வொன்று, மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கினரில் சுமார் 40% பேருக்கு அது கிடைக்கவேயில்லை என்றது. வடக்கே வன்னிக்குப் போர் முடிந்த பிறகுதான் சமுர்த்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அதுவரை அங்கே நிவாரணம்தான். தோட்டங்களுக்குப் பழைய கதையே. சமுர்த்தியையும் வேறு அமைப்புகளையும் ஒன்றாக்கி ஒரு அமைச்சரின் கீழ் வைக்க வந்த திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும், வடக்கில் சபையே இல்லாதபோது ஆளுநர் அந்தச் சம்மதத்தைக் கொடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) சொன்னது. அடுத்த சில மாதத்தில், 2013 ஜனவரியில், பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை நாடாளுமன்றத் தீர்மானத்தின் பேரில் பதவி நீக்கினார்கள். வேறு குற்றச்சாட்டுகள்தான் சொன்னார்கள். ஏழைக்கு உதவி கொடுக்கும் இயந்திரத்தை யார் கையில் வைத்திருப்பது என்பதற்கு எவ்வளவு தூரம் போவார்கள் என்று அப்போது தெரிந்தது.

சமுர்த்தியிலும் தொகை வருடக்கணக்கில் நின்ற இடத்தில் நின்றது. 2015இல் ஒருமுறை நன்றாக ஏற்றினார்கள், பிறகு பல வருடம் அதிகபட்சம் 3,500இலேயே நின்றது. 2022 வந்தது.

அஸ்வெசும

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70%, உணவுப் பணவீக்கம் 95%ஐத் தொட்டது. உலக வங்கிக் கணக்கில் 2019இல் 11% ஆக இருந்த வறுமை 2022இல் 25% ஆனது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் திட்டம். அதில் சமூகப் பாதுகாப்புக்குத் தேசிய உற்பத்தியில் 0.6% ஆவது செலவழிக்க வேண்டும் என்று ஒரு கீழ் எல்லை. நாணய நிதியம் "இதற்குக் குறையாதே" என்று சொல்வது வழக்கத்துக்கு மாறான நல்ல விடயம் என்று பலர் பாராட்டினார்கள். 1970களில் உணவு மானியம் மட்டுமே 5%. அதை நிர்வகிக்க முடியாத செலவு என்றோம். இப்போது 0.6ஐக் கருணை என்கிறோம். அதே 2023இல் அரச வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் கடன் வட்டிக்கே போனது.

திட்டம் தொடங்கியபோது இப்படி. 2023 ஜூலையிலிருந்து 20 லட்சம் குடும்பங்கள், நான்கு வகுப்புகள்: தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,500, பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிகவும் வறியோருக்கு 15,000. முதல் இரண்டுக்கும் சில மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காலக்கெடு, மற்ற இரண்டுக்கும் மூன்று வருடம். பணம் நேரே வங்கிக் கணக்குக்கு. அரசியல்வாதியின் பட்டியலுக்குப் பதில் 22 குறிகாட்டிகள்: கல்வி, நோய், வருமானம், வீடு, நிலம், வாகனம், கால்நடை, மின் பாவனை இப்படி. கணினி புள்ளி போடும்.

சமுர்த்தியின் கட்சி அரசியலைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது முன்னேற்றம்தான், நானும் அப்படியே பார்க்கிறேன். ஆனால் 2023 ஜூனில் முதல் பட்டியல் பிரதேச செயலகச் சுவர்களில் ஒட்டப்பட்டபோது என்ன நடந்தது? ஏறத்தாழ 10 லட்சம் மேன்முறையீடுகள். விண்ணப்பித்தவர் தொகையே 37 லட்சமளவில்தான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பெண்கள் செயலகங்களுக்கு முன்னால் நின்றார்கள். 22 கேள்விகளுக்குள் வாழ்க்கை எப்படி அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே வளவில் தாயும் கல்யாணம் முடித்த மகளும் தனித்தனி உலை, ஆனால் ஒரே மின் மீற்றர். இரண்டு குடும்பத்தின் யூனிட் ஒரு குடும்பத்தின் தலையில் விழும். லீசிங்கில் எடுத்த ஆட்டோ கணக்கில் வாகனம், மாதத் தவணை கணக்கில் இல்லை. போர்க் காலத்துக்குப் பிறகு அரசோ தொண்டு நிறுவனமோ கட்டிக்கொடுத்த கல்வீடு இருக்கும், உள்ளே அடுப்பில் ஒன்றும் இருக்காது. கல்வீடு புள்ளியில் ஏறும், அடுப்பு ஏறாது.

இந்தப் பட்டியல் சண்டையில் ஆறு மாதம் போனது. பத்திரிகையிலும் நாடாளுமன்றத்திலும் அதுதான் பேச்சு. தொகையைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு.

சரி, தொகையைப் பார்ப்போம். 1966 வரை ஆளுக்கு வாரம் இரண்டு கொத்து, அதாவது 4 இறாத்தல். ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 39 கிலோ சொச்சம் வரும். 2024 டிசெம்பரில் அரசு விதித்த உச்ச சில்லறை விலைப்படி நாட்டரிசி கிலோ 230 ரூபா. பெருக்கினால் ஏறத்தாழ 9,000. அன்று பணக்காரன் உட்பட ஒவ்வொரு குடும்பத்துக்கும் மலிவு விலையில் கிடைத்த அரிசியை, நாட்டின் "வறியோர்" என்று 22 கேள்வி கேட்டுப் பொறுக்கியெடுத்த குடும்பத்துக்கு 2023இல் நிர்ணயித்த 8,500ஐ முழுதாகக் கொடுத்தாலும் 2024 கடைசியில் வாங்க முடியவில்லை. தேங்காய், பருப்பு, காஸ் எல்லாம் அதற்கு அப்பால்.

இன்னொரு குறை, இது எனக்கு விளங்கவே இல்லை. 1979 முத்திரை ஆளுக்கு இவ்வளவு, குழந்தைக்குக் கூட. சமுர்த்தியில்கூடக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். 2023இல் வந்த அஸ்வெசும அடிப்படைத் தொகை குடும்பத்துக்கு ஒன்று, வறியோரில் இரண்டு பேர் என்றாலும் 8,500, ஏழு பேர் என்றாலும் 8,500 என்றிருந்தது. கணினிக்கு 22 விடயம் கேட்கத் தெரிகிறது, ஆள் எண்ணிக்கையால் பெருக்கத் தெரியவில்லையா? நாலைந்து பிள்ளை உள்ள வீடுகளில் இது நேரே தட்டில் தெரியும்.

பட்டியலைத் திருத்துவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேன்முறையீட்டை ஒழுங்காகக் கேளுங்கள், தோட்டங்களில் லயனுக்கு லயன் போய்ப் பதியுங்கள், மீற்றர் பிரச்சினைக்கு வழி பாருங்கள். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியைச் சட்டத்தில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்: வருடாவருடம் தொகை எந்த விதிப்படி ஏறும்? அரச ஊழியர் கேட்கிறார்கள், வாழ்க்கைச் செலவுப் படி வாங்குகிறார்கள். எரிபொருளுக்கு விலைச் சூத்திரம் இருக்கிறது, மாதாமாதம் திருத்துகிறார்கள். மின்சாரக் கட்டணத்துக்குத் திருத்த அட்டவணை இருக்கிறது. அரசு வாங்க வேண்டிய காசுக்கெல்லாம் சூத்திரம், கொடுக்க வேண்டிய காசுக்கு மட்டும் அமைச்சரவையின் மனம். செலவு தாங்காது என்பார்கள். தாங்காது என்றால் எவ்வளவு வெட்டுகிறோம் என்று 1953 போல எழுந்து நின்று சொல்லட்டும், நாடாளுமன்றத்தில் வாக்கெடுக்கட்டும்.

2025 ஜனவரியிலிருந்து வறியோரின் 8,500ஐ 10,000 ஆகவும், மிகவும் வறியோரின் 15,000ஐ 17,500 ஆகவும் ஏற்றினார்கள், தேர்தல்கள் முடிந்து புதிய அரசாங்கம் வந்த கையோடு. நல்லது. எந்தச் சுட்டியை வைத்து அந்த எண்கள் வந்தன என்பதற்கு விதி எதுவும் இல்லை, அடுத்தது எப்போது என்பதற்கும் இல்லை. பாதிக்கப்படக்கூடியோரின் 5,000 அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் 5,000 ஆகவே இருந்தது.